பள்ளம் என்று எழுதிய மேடு

குழாய்க்குச் செண்டுமல்லி மாலை போட்டிருந்தார்கள். மெலிந்த பிளாஸ்டிக் குழாய் மாலையின் கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கீழே மஞ்சள் தடவிய எவர்சில்வர் குடம். சுற்றிலும் இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். பூசாரி சூடம் காட்டித் தேங்காய் உடைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நல்லம்மாள் முன்னால் வந்து குழாயைத் திருகினாள்.

புஸ் என்று காற்று வந்தது.

“காத்து போயிரட்டும். பின்னாடியே தண்ணி வந்துரும்” என்றேன்.

கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அந்த இரைச்சலும் நின்றது. நல்லம்மாள் குனிந்து குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்டாள்.

“உள்ள என்னமோ பேசுது மேடம். வெளிய வரத்தேன் மாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எல்லோருடனும் சேர்ந்து நான் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் பாலிடெக்னிக் நாட்களின் வீரதீரங்களை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘வேலையில் நீங்கள் தப்பே செய்ததில்லையா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் லேசாகக் காரம் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்த வாரம் அதையே சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

கிராவிட்டியில் வந்துவிடும்

நான் குடிநீர் வேலையில் இருந்த பொறியாளர். பணி ஓய்வுக்கு ஒரு வருடம்கூட இல்லாத சமயம் அது. குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம், மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடும் காய்ந்த பூமி. அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிழக்குப் பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டரில் ஒரு சின்னக் கரடு. அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி கட்டி, அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் பதித்துப் பட்டிவரைக்கும் கொண்டுவருவது எங்கள் திட்டம். நடுவில் மோட்டார் இல்லை. தொட்டி மேட்டில், பட்டி அதைவிடக் கொஞ்சமே பள்ளத்தில், தண்ணீர் தானாக இறங்கி ஓடிவரும். இதை நாங்கள் ‘கிராவிட்டி ஸ்கீம்’ என்போம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது ‘கிராவிட்டியில் வந்துவிடும்’ என்பார்கள். ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று என் அம்மா சொன்ன அதே குரலில் சொல்வார்கள். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நானும் போயிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு அலட்சியம் வந்திருக்கவே கூடாது. நான் திண்டுக்கல் டவுனில் வாழ்க்கைப்பட்டவள். ‘தண்ணியில்லாத ஊருக்கா பொண்ணு குடுக்குற?’ என்று செம்பட்டியில் எங்கள் சொந்தக்காரர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமான புதிதில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, பக்கத்து வீட்டு அக்காவின் குடத்தை ஒருநாள் காலால் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்த அக்கா அதன்பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வராத வீட்டின் எரிச்சல் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல.

வீட்டு வாத்தியாரின் வழக்கு

என் கணவர் ஆரோக்கியம், ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அவருக்கும் எனக்கும் பல வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. புவியீர்ப்பை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்களா, அல்லது ஏற்கெனவே இருந்ததை வெறுமனே விவரித்தார்களா?

அவர் விவரிப்புக் கட்சி. “ஏவாள் கையில இருந்த பழம் நழுவியிருந்தா மேலயா போயிருக்கும்? விழுறது எல்லாருக்கும் தெரியும். ஆப்பிள் மரத்தடியில உக்காந்தவர் அதுக்கு ஒரு கணக்குச் சொன்னாரு. எம்புட்டு இழுக்குதுன்னு சொல்லுவேன், ஏன் இழுக்குதுன்னு கேக்காதன்னு அவரே ஒதுங்கிக்கிட்டாரு. அப்புறம் இன்னொருத்தர் வந்து, இழுக்கவே இல்ல, விண்வெளிதான் வளைஞ்சிருக்குன்னாரு. நாளைக்கு வேற ஒருத்தர் வருவாரு. விழுற பழம் விழுந்துக்கிட்டேதான் இருக்கு. மாறுறது நம்ம வாய்தான் ஜெசி.”

நான் கண்டுபிடிப்புக் கட்சி. தென்னை மரத்திலிருந்து மட்டை விழுவது எல்லோருக்கும் தெரியும், சரி. நிலா விழாமல் சுற்றுவதற்கும் அதே சங்கதிதான் காரணம் என்பது யாருக்குத் தெரிந்திருந்தது? அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது இல்லையா? அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு இல்லாமல் வேறென்ன? வெறும் விவரிப்பு என்றால் நான் இத்தனை வருடம் படித்தது, அளந்தது, வரைந்தது எல்லாம் வெறும் எழுத்து வேலையா? இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறிவிடும். அவர் சிரிப்பார். அதில் எனக்கு இன்னும் ஏறும்.

குழாய்த் திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரவில்லை என்றேன்.

“கிராவிட்டி இன்னைக்கு லீவு போட்டுருச்சா?” என்றார்.

தட்டிலிருந்த வெங்காயம் அடுப்படி முழுக்கச் சிதறியது. தட்டைத் தட்டிவிட்டது நான்தான். அவர் குனிந்து பொறுக்கினார்.

பத்தொன்பது நாள்

என் பதற்றத்துக்குக் காரணம் நல்லம்மாள்.

ஐம்பது வயதுக்குப் பக்கம். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. பல வருடமாகவே அப்படித்தான். குனிந்தால், இருமினால், குடம் தூக்கினால் இன்னும் இறங்கும். எடுத்துவிட வேண்டும் என்று திண்டுக்கல்லில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எடுத்த பிறகு மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கவே கூடாது. அதனாலேயே நல்லம்மாள் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தினமும் எட்டுக் குடம். வீட்டுக்கு, ஆட்டுக்கு, துணிக்கு. மகளைக் கரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் கணவர் கருப்பையாவும்தான்.

“அவரு எடுத்தாந்தா என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

கருப்பையா அப்போது வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நல்ல கட்டுமஸ்தான ஆள். என் கேள்வி அவர் காதிலும் விழுந்தது.

“ஆம்பள கொடத்தத் தூக்கிட்டுத் தெருவுல போனா ஊரு சிரிக்காதா மேடம்?” என்றார். கோபமில்லை, எனக்கு விவரம் போதாது என்கிற பரிவு.

நல்லம்மாளும் அதையே சொன்னாள். “இங்கிட்டு அதெல்லாம் பழக்கமில்ல மேடம்.”

குழாய் பதித்துக்கொண்டிருந்தபோது நான்தான் அவளிடம் வாய் கொடுத்தேன். “வீட்டு வாசல்ல தண்ணி வந்துரும். நீங்க தேதி வாங்கிருங்க” என்றேன். அவள் என் பேச்சை நம்பிப் போய்த் தேதி வாங்கினாள். மாலை போட்ட குழாயிலிருந்து காற்று வந்த நாளுக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே பத்தொன்பது நாள். இந்தத் தடவை விட்டால் அடுத்த தேதி எப்போது என்று தெரியாது. இனிமேலும் தள்ளாதே, புண்ணாகியிருக்கிறது என்று டாக்டரம்மா கண்டித்தும் அனுப்பியிருந்தார்.

முதல் ஐந்து நாள் குழாயில் அடைப்பைத் தேடினேன். வால்வுகளைத் திறந்து மூடினேன். காற்று பிடித்திருக்கும் என்று இரண்டு இடத்தில் தோண்டச் சொன்னேன். இரண்டு கிலோமீட்டரையும் வெயிலில் நடந்து, ஈரம் தெரிகிறதா என்று மண்ணைக் கிளறிக்கொண்டே போனேன். குழாயில் கோளாறே இல்லை. பாதிவழிக்கு அப்பாலும் தண்ணீர் நிரம்பி நின்றது. பட்டியை நெருங்கியதும் நின்றுவிட்டது.

ஆறாம் நாள் நல்லம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சுற்றிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எனக்கு உள்ள இருக்குறதெல்லாம் கீழ எறங்கிக்கிட்டே வருது மேடம். இந்தத் தண்ணிக்கு மட்டும் எறங்கத் தெரியலையாக்கும்?”

ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு அளவும் சந்திக்காத இடம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

திட்டம் போடும் முன் நிலத்தின் மேடு பள்ளத்தை அளப்போம். அதற்குத் தொடக்கமாக ஒரு குறி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் இவ்வளவு உயரம் என்று அரசாங்கம் பல வருடங்களுக்கு முன்பே ஆங்காங்கே கல்லில் வெட்டி வைத்த குறிகள் உண்டு. அதை ‘பெஞ்ச் மார்க்’ என்போம். எந்தக் கல்லில் இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று பதிவேட்டில் இருக்கும். அந்தக் கல்லில் ஆரம்பித்து அளந்துகொண்டே போகலாம்.

கரட்டுப் பக்கத்தைச் சாலைப் பாலத்தில் இருந்த குறியிலிருந்து அளந்தேன். பட்டிப் பக்கத்தைப் பட்டியின் அம்மன் கோவில் வாசற்படியில் இருந்த குறியிலிருந்து அளந்தேன். இரண்டு அளவும் நடுவிலே ஒரு பாழும் கிணற்றருகே சந்திக்க வேண்டும். மேற்கிலிருந்து வந்த கணக்கும் கிழக்கிலிருந்து வந்த கணக்கும் அந்த இடத்துக்கு ஒரே உயரத்தைச் சொன்னால் வேலை சரி.

அன்று கிணற்றை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பூமியில் மழை வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கருவியை நனையவிடக் கூடாது என்று கிளம்பிவிட்டோம். நாளைக்கு வந்து முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே கோப்பு வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். பார்க்கப்போனால் ஒரே ஒரு அளவுதான் பாக்கி. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதும்போது பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழாம் நாள் கருவியோடு அதே பாழும் கிணற்றுக்குப் போனேன். அளவுப் பலகை பிடிக்க எங்கள் ஆள் ஒருவர் வந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் புதிதாக அளந்து வந்தோம். சந்திக்கவில்லை. மூன்றரை அடி வித்தியாசம். திரும்ப அளந்தோம். அதே மூன்றரை அடி.

நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தில் நான் பள்ளமென்று எழுதியிருந்த பட்டி, மண்ணில் மேடாக இருந்தது. குழாயில் தண்ணீர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. எதுவரை இறங்க முடியுமோ அதுவரை இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது.

மரியாதையோடு ஏறிய கல்

எந்தக் குறி பொய் சொல்கிறது? பாலத்துக் குறியைப் பக்கத்து ஊரிலிருந்த மூன்றாவது குறி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மிச்சம் கோவில்.

பதிவேட்டில் ‘அம்மன் கோவில் வாசற்படி, தெற்கு மூலை’ என்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் வாசற்படியின் தெற்கு மூலையில்தான் கல்லும் இருந்தது. கல்லில் வெட்டிய அம்புக்குறி தெளிவாக இருந்தது. மேலே யாரோ விபூதிப் பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் முதல்முறை வந்தபோதும் இப்படித்தான் இருந்தது.

பூசாரி வந்தார்.

“இந்தக் கல்லு எப்பவும் இங்கதான் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“பின்ன? இதே மூலதேன்.”

“கோவில் எப்பக் கட்டுனது?”

“கோயிலு பழசு மேடம். மழைக்காலத்துல தண்ணி உள்ள வந்துருதுன்னு, கும்பாவிசேகத்தப்ப மொத்தமா ஒசத்திக் கட்டுனம். அது ஆச்சு ஏழெட்டு வருசம்.”

குனிந்து கல்லைத் தொட்டேன். “அப்ப இந்தக் கல்லு?”

பூசாரியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலச் சொன்னார். “சர்க்காரு குறியில்ல? அத மண்ணுக்குள்ள பொதைக்கலாமா? கொத்தனாரு அப்பிடியே பொதைச்சிருவோம்னாரு, நாந்தேன் விடல. அலுங்காம நலுங்காம பேத்து எடுத்து, பால ஊத்திக் கழுவி, புதுப் படியில அதே தெக்கு மூலையில வச்சம். நூலு புடிச்சு வச்சம் மேடம். ஒரு வெரக்கட அங்கிட்டு இங்கிட்டு நகரல!”

பக்கவாட்டில் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மேலேதான் மூன்றரை அடி ஏறியிருந்தது. அரசாங்கத்தின் குறியை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். பதிவேட்டு வாசகத்துக்குக்கூட ஒரு குறையும் வைக்கவில்லை. வாசற்படி, தெற்கு மூலை, எல்லாம் பொருந்திவிட்டது. உயரம் மட்டும் பொருந்தவில்லை.

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. “என்ன மேடம், தப்பா வச்சுட்டமா?” என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

“நீங்க சரியாத்தான் வச்சிருக்கீங்க” என்றேன்.

எழுதுவதற்கு இரண்டு வழி

அலுவலகத்துக்குப் போய் உயரதிகாரியிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவரும் அல்ல. கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அப்பாடா. தப்பிச்சீங்க மேடம். பெஞ்ச் மார்க்கை நகர்த்துறது குற்றம். ‘ஊரார் குறியை நகர்த்தியதால் அளவு பிழையானது’ன்னு எழுதிடுங்க. ரிட்டையர் ஆகுற நேரம். பென்சனுக்குச் சிக்கல் வராது.”

அதில் பொய் ஒன்றுமில்லை. ஊரார் நகர்த்தினார்கள், அளவு பிழையானது. ஒவ்வொரு சொல்லும் நடந்தது. ஆனால் அப்படி எழுதினால் பூசாரியின் மேல் புகார் போகும், விசாரணை வரும், விசாரணை முடிகிறவரை பட்டியில் ஒரு கடப்பாரை விழாது. நடுவில் சந்திக்காமல் விட்ட என் அளவைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள்.

வீட்டில் ஆரோக்கியத்திடம் சொன்னேன். அவர் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

“நான் பெரிய இதுமாதிரி சொல்லிக்கிட்டிருந்தேன், வெறும் விவரிப்புன்னு” என்றார். “வெறும்னு சொன்னது தப்பு ஜெசி. விவரிக்கிறதுல ஒருத்தர் கழுத்து போகும்போல இருக்கே.”

நானும் என் கட்சியை அன்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். புவியீர்ப்பு என்னவோ என்னை யார் கண்டுபிடித்தால் என்ன, விவரித்தால் என்ன என்று அதுபாட்டுக்கு இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நடுவில் சந்தித்துப் பார்க்க வேண்டும். ஆப்பிள் மரத்தடிக்காரர் கணக்கை மற்றவர்கள் பார்த்தார்கள். வானத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தாத இடத்தைச் சொன்னார்கள். என் கணக்கை நானே பார்க்கவில்லை.

மறுநாள் எழுதிக்கொடுத்தேன். ‘இரு பக்க மட்ட அளவுகளையும் ஒப்பிடாமலேயே சரிபார்க்கப்பட்டது என்று நான் எழுதியது தவறு.’ கல்லைப் பற்றி அதற்குக் கீழே ஒரு வரி. கோவில் உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டியது அளப்பவரின் கடமை என்று இன்னொரு வரி. எனக்கு மெமோ வந்தது. ஓய்வு பெற்றும் பல மாதம் அந்தக் கோப்பு என்னைச் சும்மா விடவில்லை. அதைப் பற்றிப் புலம்பினால் இந்த அத்தியாயம் தாங்காது.

குழி

முறையான தீர்வு, பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியும் சின்ன மோட்டாரும். மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் என்று மாதக் கணக்காகும். நல்லம்மாளின் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

தண்ணீர் தரைக்கு ஒரு அடி கீழே வந்து நிற்கிறது. அப்படியானால் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டால் வரும். குழி தோண்டி, குழிக்குள் குழாய் வைத்து, உள்ளே இறங்கித் தண்ணீர் பிடிப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் என் வேலைக்காலம் முழுக்க நான் சண்டை போட்டது அந்தக் குழிகளோடுதான். மழையில் சாக்கடை இறங்கும், குழாய்க்குள் அழுக்கு போகும், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். எத்தனை ஊரில் நானே நின்று மூட வைத்திருக்கிறேன்! ‘குழி மூடுற மேடம்’ என்று வேடசந்தூர்ப் பக்கம் எனக்குப் பட்டப்பெயரே உண்டு.

கோவில் முன்னால் எல்லோரையும் உட்காரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். ஒருவரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பூசாரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

“மூணு எடத்துல குழி வெட்டுங்க. நாலடி ஆழம். சுத்தி ரெண்டு வரிசை செங்கல் வச்சுப் பூசணும், மேல மூடி போடணும். மோட்டார் வந்ததும் நானே வந்து மூடுவேன்” என்றேன். இதை வாயால்தான் சொன்னேன், எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

குழி வெட்டுவது ஆம்பளை வேலை. அதனால் ஆம்பளைகள் உற்சாகமாக இறங்கினார்கள். கருப்பையா தன் வீட்டுக்கு எதிரே தனியாளாகவே ஒரே நாளில் வெட்டி முடித்தார். பாறை முட்டிய இடத்தைக் கடப்பாரையால் உடைத்து, இறங்குவதற்கு மூன்று படியும் செதுக்கிவிட்டார். நான்காம் நாள் குழாயை இறக்கிவைத்துத் திருகினோம். காற்று வந்தது, செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் விரல் பருமனில் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

நல்லம்மாள் குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழிக்குள் இறங்கி, நிறைந்த குடத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மேலே வைக்க வேண்டும். கிணற்றுக்கு நடக்கிற நடை மிச்சமாகும். ஆனால் இந்தத் தூக்கு, அவளுக்கு எது ஆகாதோ அதேதான்.

“வந்துருச்சுல்ல மேடம், போதும்” என்றாள். “மொகத்த ஏன் அப்பிடி வச்சிருக்கீக? பக்கத்து வீட்டுப் பிள்ளைக எடுத்துக் குடுக்கும். நான் போயிட்டு வாரேன்.”

குறித்த தேதியில் மகளோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆட்டுக்குத்தேன்

அவள் போன ஐந்தாவது நாள் காலையில் வால்வைப் பார்க்கப் பட்டிக்குப் போனேன். ஜீப்பைக் கோவிலருகே விட்டுவிட்டு நடந்தேன். தெருவில் யாருமில்லை, பெண்கள் கடலை பிடுங்கப் போயிருந்தார்கள். கருப்பையா வீட்டு ஆடுகள் கொட்டிலுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தன.

குழிக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் குடம் மெல்ல மேலே வந்து விளிம்பில் உட்கார்ந்தது. பின்னாலேயே கருப்பையாவின் தலை வந்தது. படியேறி வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குடத்தைத் தூக்கினார். இடுப்பில் வைக்க மனசு வரவில்லை. தோளில் துண்டைப் போட்டு, அதன்மேல் நெல் மூட்டையை ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டார். பாதித் தண்ணீர் அவர் முதுகில் கொட்டியது. திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

“ஆட்டுக்குத்தேன் மேடம்” என்றார் அவசரமாக.

“சரிங்கய்யா” என்றேன்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைக ரெண்டு நா எடுத்துக் குடுத்துச்சுக. அதுகளும் வேலைக்குப் போவணும்ல” என்றார். அவரே மேலும் சொன்னார். “நாலடிதேன மேடம்.”

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லம்மாள் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. பார்த்ததைச் சொன்னேன். நெல் மூட்டை, முதுகில் கொட்டிய தண்ணீர், ஆட்டுக்குத்தேன், எல்லாம். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்க வைக்காதீக மேடம், தையலு பிரிஞ்சுரும்.”

மகளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி என்னவென்று கேட்டு, அவளும் சிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. நல்லம்மாள் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

“கொடம் தூக்குனது இருவத்தெட்டு வருசம் மேடம்” என்றாள். “அவரு கையி அப்பவும் அங்கனதேன இருந்துச்சு?”